நெடுன் மரத்தில் என் கை

இரண்டு மாதமாக இங்கே ஒன்றும் எழுதவில்லை. சனிக்கிழமைக் காலைகள் எல்லாம் நுகேகொடையிலிருந்து கங்கொடவிலப் பக்கம் போகும் ஒரு ஒழுங்கையில், ஒரு வீட்டின் பின்னால் இருக்கிற தகரக் கொட்டிலில் கழிந்தன. அங்கே ஒரு வயதானவர் என் வலது கைக்கு அளவாக ஒரு மரக்கட்டையைச் செதுக்கிக்கொண்டிருந்தார். போன சனிக்கிழமை வேலை முடிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுக் கனநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதை எழுதாமல் இனி வேறெதையும் எழுத எனக்கு மனம் வராது.

அந்த மரக்கட்டை ஒரு பிஸ்டலின் பிடி.

கொழும்பில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண் "என் பிஸ்டல்" என்று எழுதினால் வாசிக்கிறவர்களுக்கு நெஞ்சு திக்கென்று இருக்கும். எனக்குத் தெரியும். ஆகவே முதலில் விளக்கம். நான் சுடுவது பத்து மீற்றர் காற்றுப் பிஸ்டல். வெடிமருந்து இல்லை, ஒரு சிறிய உருளையில் அடைத்த காற்று, 4.5 மில்லிமீற்றர் ஈயச் சன்னத்தைத் தள்ளுகிறது. நின்றபடி, ஒரே கையால் சுட வேண்டும். 60 சன்னங்களுக்கு 75 நிமிடம். 2018 வரை பெண்களுக்கு 40 சன்னங்கள்தான். இப்போது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கணக்கு. இலக்கின் நடுவில் பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீற்றர். உங்கள் சட்டைப் பொத்தானைக் கழற்றிப் பத்து மீற்றர் தள்ளி வைத்துப் பாருங்கள், அதுதான் இலக்கு. 1988இல் சியோலில் நடந்த ஒலிம்பிக்கிலிருந்து இது ஒலிம்பிக் போட்டியாக இருக்கிறது.

வெடிமருந்து இல்லை என்பதற்காக இதைப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடக் கூடாது. என்னுடையது எங்கள் சுடுநர் சங்கத்தின் வழியாக, அனுமதியோடு, மாதக்கணக்கில் காகிதங்கள் அலைந்து வந்து சேர்ந்தது. பயிற்சிக்கும் போட்டிக்கும் தவிரப் பெட்டியை விட்டு வெளியே வராது. அனுமதிக் கடிதத்தின் பிரதி எப்போதும் பெட்டிக்குள் இருக்கும். இந்த நாட்டில் துவக்குச் சட்டம் பழையது, 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். 1996இல் அதைத் திருத்தித் தண்டனைகளைக் கூட்டினார்கள். சொந்தப் பாதுகாப்புக்கென்று கொடுத்திருந்த துவக்குகளை 2024 நவம்பருக்குள் திருப்பிக் கையளிக்கச் சொல்லிப் பாதுகாப்பு அமைச்சு கேட்டது. கேட்டது சரி என்பதுதான் என் எண்ணம். சுடுகிற விளையாட்டை நேசிக்கிறவர்கள்தான் துவக்குகள் வீதிக்கு வருவதை முதலில் எதிர்க்க வேண்டும்.

ஆனால் அம்மாவுக்குச் சட்டமும் வேண்டாம், மில்லிமீற்றரும் வேண்டாம். நான் முதல் நாள் பெட்டியைத் திறந்து காட்டியபோது அவர் கேட்டது ஒன்றைத்தான்.

"துவக்கோ? உனக்கென்ன விசரே?"

அவர் கேட்டதில் பிழை இல்லை. 1983 ஆடிக் கலவரத்தின்போது நாங்கள் வெள்ளவத்தையில் இருந்தோம். எனக்கு அப்போது இரண்டு வயது. அகதி முகாமில் இருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய், அங்கிருந்து அம்மாவின் ஊரான வசாவிளானுக்குப் போனோம். 1990இல் அந்த ஊரையும் விட்டு ஓடினோம். திரும்ப வெள்ளவத்தை. ஒவ்வொரு வீடு மாறும்போதும் பொலிஸ் பதிவு, சோதனைச் சாவடி, அடையாள அட்டை. 2007 யூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை விடுதிகளில் இருந்த தமிழ் ஆட்களை விடிய முன்னமே பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. அதே ஆண்டு நவம்பர் 28ஆம் திகதி நுகேகொடையில் ஒரு துணிக்கடை வாசலில் குண்டு வெடித்துப் பதினைந்து பேருக்கும் மேல் செத்தார்கள். பின்னேரம் சாமான் வாங்க வந்த சனம். இப்போது நான் குடியிருப்பது அந்த இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில். துவக்கு என்ற சொல்லும் குண்டு என்ற சொல்லும் எங்கள் வீட்டில் மெதுவாகச் சொல்லும் சொற்கள்.

துவக்கு என்ற அந்தச் சொல்லை எனக்குப் பிடிக்கும். தமிழ்நாட்டார் துப்பாக்கி என்பார்கள். நாங்கள் துவக்கு என்போம்; சிங்களவர் துவக்குவ என்பார்கள். எல்லாமே ஒரு பழைய துருக்கிச் சொல்லின் வழி வந்தவை. சொல் எங்கள் இரண்டு மொழிக்கும் பொது, அதைக் கேட்டு வருகிற பயமும் பொது.

சரி, பிடிக்கு வருகிறேன்.

என் பிஸ்டல் ஒரு பழைய ஸ்டையர் எல்பி 10, ஒஸ்ற்றியாவில் செய்தது. இன்னொருவர் பல ஆண்டுகள் சுட்டது. நல்ல இயந்திரம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதன் பிடி ஐரோப்பிய ஆண் ஒருவரின் கைக்குச் செய்தது. என் கை சின்னது. பிடியை முழுதாகப் பிடித்தால் சுட்டுவிரலின் நுனி விசைக்கு எட்டாது. விசைக்கு எட்டும்படி கையை நகர்த்தினால் உள்ளங்கைக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு எலுமிச்சங்காய் போகுமளவு வெளி. அந்த வெளியை நிரப்ப நான் விரல்களால் இறுக்கினேன். இறுக்கினால் கை நடுங்கும். இரண்டு வருஷம் இப்படியே சுட்டேன்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், இதைப் புரிந்துகொண்டால் முழுக் கதையும் புரியும். பிஸ்டலின் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர். இலக்கு பத்து மீற்றரில். முன் குறி ஒரே ஒரு மில்லிமீற்றர் பக்கவாட்டில் விலகினால், சன்னம் இலக்கில் ஏறக்குறைய மூன்று சென்ரிமீற்றர் தள்ளிப் போய் விழும். பத்து இருக்க வேண்டிய இடத்தில் ஏழு. கண் எவ்வளவு கூர்மையாக இருந்தென்ன, மணிக்கட்டு ஒரு மயிரளவு திரும்பினால் போதும். அந்த மணிக்கட்டை ஒவ்வொரு முறையும் அதே கோணத்தில், அதே இடத்தில் நிறுத்தி வைப்பது பிடிதான். சுடுகிறவர்கள் குழாயைப் பற்றிக் கதைப்பதை விடப் பிடியைப் பற்றிக் கதைப்பது அதனால்தான்.

முதலில் நானே அரம் எடுத்து ராவினேன். அதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. இரண்டு பிழையான இடங்களில் மரத்தை எடுத்துவிட்டேன். எடுத்த மரம் திரும்ப முளைக்காது. பசை குழைத்து அப்பினேன். கொழும்பு வெக்கையில் வியர்வை பட்டு ஒரு மாதத்தில் பெயர்ந்து வந்தது. ஐரோப்பாவில், கையைக் கடதாசியில் வைத்துக் கோடு இழுத்து அனுப்பினால் அளவாகப் பிடி செய்து தபாலில் அனுப்பும் பட்டறைகள் இருக்கின்றன. விலையைப் பார்த்தேன், ரூபாயாக்கினேன், பக்கத்தை மூடினேன். அப்போதுதான் சங்கத்தில் ஒரு மூத்தவர் சொன்னார், "கங்கொடவிலவில ஒரு பாஸ் இருக்கிறார். போய்ப் பார்."

கொழும்பில் தச்சன், கொத்தன், வெல்டிங் செய்கிறவர் எல்லோரும் எங்களுக்குப் பாஸ்தான். அந்தச் சொல் ஒல்லாந்தர் விட்டுவிட்டுப் போனது. அவர்கள் மொழியிலும் எஜமான், மேஸ்திரி என்றுதான் பொருள். நான் அவரைப் பாஸ் மாமா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவர் என்னைத் துவ என்றார், மகள். எங்கள் கதை முழுக்கச் சிங்களத்தில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவர் இராணுவத்தில் ஆயுதம் பழுது பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது துவக்கு வேலை செய்வதில்லை. விளையாட்டுச் சுடுநர்களுக்குப் பிடி மட்டும் செய்கிறார், மிச்ச நேரத்தில் கதிரை மேசை. பிஸ்டலின் உள்ளே கை வைக்க மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். "மரம் என்னுடையது. இரும்பு உங்களுடைய சங்கத்தினுடையது." பிடியைக் கழற்றி அதை மட்டும் கொண்டுவரச் சொன்னார். பொருத்திப் பார்ப்பதற்குப் பிஸ்டலே வேண்டியிருந்த மூன்று நாட்களில் மட்டும் சங்கத்தின் கடிதத்தோடும் காற்று உருளையைக் கழற்றியும் கொண்டுபோனேன்.

முதல் சனிக்கிழமை அவர் மரத்தைத் தொடவே இல்லை. என் கையைப் பார்த்தார். விரித்துப் பார், மூடிப் பார், சுட்டுவிரலை மட்டும் அசை, மற்ற விரல்கள் அசையக் கூடாது. எனக்கு அது முடியவில்லை. சுட்டுவிரல் அசைந்தால் மோதிரவிரலும் கூடவே இழுபட்டது. "இதுதான் உன் வருத்தம், மரத்தில் இல்லை" என்றார். ஒரு மாதம் பயிற்சி செய்து வா என்று அனுப்பிவிடுவாரோ என்று பயந்தேன். அனுப்பவில்லை. பழுப்புக் கடதாசியில் என் கையை வைத்துக் கோடு இழுத்தார். பிறகு பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருட்டித் தந்து, பிஸ்டலைப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்கச் சொன்னார். இறுக்காமல், ஒரு குருவிக் குஞ்சைப் பிடிக்கிற மாதிரி. அந்தக் களிமண் அச்சு இன்னும் அவருடைய யன்னல் கட்டில் இருக்கிறது.

மரம் நெடுன். ஐரோப்பியப் பிடிகள் வால்நட்டில் வரும். நெடுன் எங்கள் ஈரவலயக் காட்டு மரம். பழைய கொழும்பு வீடுகளில் பாட்டன் காலத்துக் கதிரைகளும் அலுமாரிகளும் அதில்தான் செய்தவை. கடும் பழுப்பு, உள்ளே பொன் நிறத்தில் ஒரு ஓட்டம். அவர் புது மரம் எடுக்கவில்லை. உடைந்த பழைய கட்டில் ஒன்றின் காலை எடுத்தார். "இது அறுபது எழுபது வருஷம் இந்த வெயிலையும் மழையையும் பார்த்துவிட்டது. இனி வளையாது." கொழும்பின் ஈரக்காற்றில் வெளிநாட்டு மரம் ஊதுவதையும் சுருங்குவதையும் நானே பட்டவள் என்பதால் அந்த வார்த்தை எனக்குப் பெரிய ஆறுதல்.

அடுத்த ஐந்து சனிக்கிழமைகள் கரியும் அரமும். தேங்காய் எண்ணெயில் விளக்குக் கரியைக் குழைத்து என் உள்ளங்கையில் பூசுவார். நான் கட்டையைப் பிடித்துவிட்டு விட வேண்டும். மரத்தில் கரி எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே மரம் கூடுதலாக இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு. துடைத்து, திரும்பக் கரி, திரும்பப் பிடி. ஒரு காலையில் முப்பது நாற்பது தடவை. கடைசியில் கரி ஒரே சீராக எல்லா இடத்திலும் ஒட்ட வேண்டும். ஒட்டினால் கை முழுக்க மரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்குப் போகும்போது என் கையைப் பார்த்து முச்சக்கரவண்டிக்காரர் "கராஜில வேலையா மிஸ்?" என்று கேட்டார்.

சுட்டுவிரல் மட்டும் மரத்தைத் தொடக் கூடாது. அதில் அவர் பிடிவாதம். அந்த விரல் மரத்தில் உரசினால் விசையை இழுக்கும்போது முழுப் பிஸ்டலும் பக்கவாட்டில் தள்ளுப்படும். அந்த விரலுக்கு மட்டும் மரத்தில் ஒரு பள்ளம் எடுத்து வெளி விட்டார். கீழே, சுண்டுவிரல் பக்கம், உள்ளங்கை இருந்துகொள்ள ஒரு திண்ணை. அந்தத் திண்ணைக்கும் விதி இருக்கிறது: பிடியோடு அது செய்யும் கோணம் 90 பாகைக்குக் குறையக் கூடாது, கையைச் சுற்றி வளைத்துக்கொள்ளக் கூடாது, மணிக்கட்டுக்கு எந்தத் தாங்கலும் கூடாது. முழுப் பிஸ்டலும் 420க்கு 200க்கு 50 மில்லிமீற்றர் பெட்டிக்குள் இறங்க வேண்டும், ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நிறுக்கக் கூடாது. விசை குறைந்தது 500 கிராமைத் தூக்க வேண்டும். போட்டிக்கு முன் உபகரணச் சோதனையில் குழாயை நிமிர்த்திப் பிடித்து விசையில் அந்த நிறையைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். ஒரு முறை என் விசை அந்த நிறையைத் தாங்காமல் விட்டுவிட்டது, முழுக்க என் கவனக்குறைவு. அதிலிருந்து போட்டிக்கு முதல் நாள் நானே நிறுத்துப் பார்க்கிறேன். பாஸ் மாமா இந்த விதிகளைக் கடதாசியில் அச்சடித்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். ஆங்கிலம் வாசிக்க அவருக்குச் சிரமம். எண்களை மட்டும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறார்.

பிறகு வந்தது கண்ணை மூடும் சோதனை. நின்று, கண்ணை மூடி, மூச்சு விட்டு, கையை இலக்குக்கு உயர்த்த வேண்டும். கண்ணைத் திறந்தால் முன் குறி பின் குறியின் வெட்டுக்குள் தானாக நிற்க வேண்டும். முதல் தடவை முன் குறி இடப்பக்கம் ஓடியிருந்தது. அவர் அரத்தை எடுத்து, பெருவிரல் கீழே வருகிற இடத்தில் ராவினார். எடுத்த தூள் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி அளவுகூட இருக்காது. திரும்பக் கண்ணை மூடு. இப்படியே ஒரு மணி நேரம். ஒரு தடவை கண்ணைத் திறந்தபோது குறி நடுவில் நின்றது. நான் ஒன்றும் செய்யவில்லை. கையை வெறுமனே உயர்த்தினேன், அது அங்கே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஹரி" என்றார். சரி. அவ்வளவுதான்.

ஒரு கதை எனக்கு அந்த நேரம் நினைவுக்கு வந்தது. காரோய் டகாச் என்ற ஹங்கேரிய இராணுவ வீரர், வலக்கையால் சுடுவதில் நாட்டிலேயே முன்னணியில் இருந்தவர். 1938இல் பயிற்சியின்போது கைக்குண்டு ஒன்று அவர் வலக்கையிலேயே வெடித்தது. ஆஸ்பத்திரியால் வந்ததும் யாருக்கும் சொல்லாமல் இடக்கையால் பழகினார். அடுத்த வருஷமே தேசிய வாகையர். போர் இரண்டு ஒலிம்பிக்குகளைத் தின்றது. 1948 லண்டனில், 38 வயதில், 25 மீற்றர் விரைவுப் பிஸ்டலில் தங்கம். 1952 ஹெல்சிங்கியில் திரும்பவும் தங்கம். நான் இந்தக் கதையைச் சொன்னபோது பாஸ் மாமா கேட்டது யாரும் கேட்காத கேள்வி: "இடக்கைக்குப் பிடி யார் செய்து கொடுத்தது?" எந்தப் புத்தகத்திலும் நான் அதைப் பார்க்கவில்லை. வென்றவரின் பெயர் நிற்கும், பிடி செய்தவரின் பெயர் நிற்பதில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 யூலையில், இந்தியாவின் மனு பாக்கருக்குத் தகுதிச் சுற்றின் நடுவில் பிஸ்டல் பழுதாகிவிட்டது. திருத்திக்கொண்டு வரக் கால் மணி நேரத்துக்கும் மேல் போனது. 575 புள்ளி எடுத்தும் இரண்டு புள்ளியால் இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். மூன்று வருஷம் கழித்து, 2024 யூலை 28, பாரிஸில் அதே போட்டியில் வெண்கலம். எல்லோரும் அவர் மன உறுதியைப் பற்றி எழுதினார்கள், அது உண்மை. எனக்கு அந்தக் கால் மணி நேரம்தான் கண்ணில் நிற்கிறது: இருபது வயதுகூட ஆகாத ஒரு பிள்ளை, கையில் வேலை செய்யாத ஒரு கருவியோடு, அதைத் திருத்துகிறவரின் விரல்களைப் பார்த்துக்கொண்டு.

நான்காவது சனிக்கிழமை பாஸ் மாமா கேட்டார், "அம்மாவின் ஊர் எது?"

வசாவிளான் என்றேன்.

அரம் நின்றது. "பலாலியில் மூன்று வருஷம் இருந்தேன்" என்றார். வசாவிளான் பலாலி இராணுவத் தளத்துக்குப் பக்கத்து ஊர். உயர் பாதுகாப்பு வலயம் என்று எங்கள் ஆட்கள் போகவே முடியாமல் இருபத்தைந்து வருஷம் மூடிக் கிடந்த இடம். எங்கள் காணியும் அதற்குள்தான் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்தான் சொன்னார்: "துவக்குகளைத் திருத்திக் கொடுத்தேன். பிறகு அது எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்."

அன்று இரவு அம்மாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் இரவு, சாப்பிட்டு எழும்பும்போது கேட்டார், "பள்ளிக்கூடத்துக்குப் பின்னால கிணத்தடியில கறுத்தக்கொழும்பான் மாமரம் நிண்டது. அவர் கண்டிருப்பாரோ? கேட்டுப் பார்."

கேட்டேன். அவர் நெடுநேரம் யோசித்தார். கூரை இல்லாத வீடுகள் நிறையப் பார்த்திருக்கிறாராம். கிணறுகள் எல்லாம் இருந்தன. மாமரங்கள் பருவம் தவறாமல் காய்த்தன. "நாங்கள் சாப்பிட்டோம் துவ. யாருடைய மரம் என்று தெரியாமல் சாப்பிட்டோம்." அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அம்மா தலையை ஆட்டினார். அடுத்த சனிக்கிழமை நான் வெளிக்கிடும்போது ஹோர்லிக்ஸ் போத்தல் நிறையப் பருத்தித்துறை வடை மேசையில் இருந்தது. யாருக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இதை வைத்து யாரும் பெரிய முடிவு எதற்கும் வர வேண்டாம். காணி 2015க்குப் பிறகு கட்டம் கட்டமாக விடப்பட்டபோது எங்களுக்குக் கிடைத்தது. வீடு இல்லை, மரமும் இல்லை.

எண்ணெய் காய ஒரு வாரம் விட வேண்டியிருந்த இடைவெளியில் ஒரு நாள் பாஸ் மாமாவைக் கொழும்பு தேசிய நூதனசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். லெவ்கேயின் பீரங்கியைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஏறத்தாழ ஒரு மீற்றர் நீள வெண்கலப் பீரங்கி, மேலே வெள்ளி, பொன், மாணிக்கக் கல். கண்டி அரசின் மாகாண அதிகாரியான லெவ்கே திசாவை 1745–46 அளவில் கண்டி அரசனுக்குக் கொடுத்த பரிசு. அப்போது அரியணையில் இருந்தவர் ஸ்ரீ விஜய ராஜசிங்கன், மதுரை நாயக்கர் உறவில் வந்தவர். 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைக் கொள்ளையடித்தபோது எடுத்துக்கொண்டு போய், பின்னாளில் அம்ஸ்டர்டாம் நூதனசாலையில் வைத்தார்கள். 2023இல் திரும்பிக் கொடுத்த ஆறு பொருட்களில் இதுவும் ஒன்று. கூடவே ஒரு பொன் வாள், ஒரு வெள்ளி வாள், ஒரு கத்தி, இரண்டு பெருந்துவக்குகள்.

எல்லோரும் பீரங்கியின் கற்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாஸ் மாமா துவக்குகளின் அடிக்கட்டையைப் பார்த்தார். கண்டித் துவக்குகளில் பொறி இடப்பக்கத்தில் இருக்கும், ஐரோப்பியத் துவக்குகளில் வலப்பக்கம். அடிக்கட்டை மீன் வால் போல இரண்டாகப் பிளந்திருக்கும். போர்த்துக்கேயர் 1505 அளவில் இங்கே வந்தபோது அவர்களுடைய பீரங்கிச் சத்தம் இடியை விடப் பெரியது என்று சனம் சொன்னதாக ராஜாவலிய என்ற பழைய சிங்கள நூலில் இருக்கிறது. அதே நாட்டின் கொல்லர்கள் ஒரு நூற்றாண்டுக்குள் துவக்குச் செய்யப் பழகி, தங்கள் கைக்கும் தங்கள் கண்ணுக்கும் ஏற்றபடி அதை மாற்றியும் விட்டார்கள். இதைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் பி. இ. பி. தெரணியகல 1942இல் சிங்கள ஆயுதங்கள் பற்றி எழுதியதைத் தேடிப் பாருங்கள். கண்டிக் கைவினைஞர்களையும் அரச பட்டறைகளையும் பற்றி ஒரு முழு நூலை 1908இல் எழுதி, தானே முன்னின்று அச்சிட்டவர் ஆனந்த குமாரசுவாமி, கொழும்பில் பிறந்த எங்கள் ஆள். சிங்களக் கொல்லனின் கைத்திறனை உலகம் மதிக்கப் பண்ணியது ஒரு தமிழரின் மகன் என்பதை நான் பாஸ் மாமாவிடம் சொன்னேன். அவருக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

கண்ணாடிக்குள் இருந்த கட்டையைச் சுட்டிக் காட்டி அவர் சொன்னது இது. "பார், இந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது. ஒரே ஆள் கனகாலம் பிடித்திருக்கிறான். கன்னமும் இங்கே பட்டிருக்கிறது. அவனுக்காகத்தான் இதைச் செய்திருக்கிறார்கள்." நான் எத்தனை தடவை அந்த நூதனசாலைக்குப் போயிருக்கிறேன். ஒரு தடவைகூட அப்படிப் பார்த்ததில்லை.

கடைசி வேலை, வியர்வைக்கு. பிடியின் மேற்பரப்பை மணல் கடதாசியால் மழமழவென்று தேய்த்தால் பார்க்க அழகு, ஆனால் கொழும்பில் கை வழுக்கும். அவர் கூரான ஒரு உளி முனையால் ஆயிரக்கணக்கான சின்னப் புள்ளிகளைக் குத்தினார், வரிசையாக இல்லாமல், மழை பெய்த மணல் மாதிரி. பெருவிரல் இருக்கும் இடத்தை மட்டும் மழமழப்பாக விட்டார். ஏன் என்றால், "அந்த விரல் வேலை செய்யக் கூடாது. வழுக்கினால்தான் நீ அதை அழுத்த மாட்டாய்."

இதுவரை இந்தப் பிடியோடு மூன்று முழுப் பயிற்சிச் சுற்றுகள் சுட்டிருக்கிறேன். முன்பு என் சராசரி 538. கடைசிச் சுற்றில் 551, 600க்கு. உலகத் தரத்தில் இது ஒன்றுமேயில்லை. எங்கள் நாட்டிலிருந்து தெஹானி எகொடவெல டோக்கியோவுக்குப் போய் றைபிள் சுட்டார். அந்த உயரத்துக்கு நான் போகப் போவதில்லை, நாற்பத்து நாலு வயதில் போகவும் வேண்டாம். ஆனால் ஐம்பதாவது சன்னத்திலும் என் கை நடுங்கவில்லை. இரண்டு வருஷமாக என் பலவீனம் என்று நான் நினைத்தது என் பலவீனம் இல்லை. இன்னொருவருடைய கைக்குச் செய்ததை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அதைக் கண்டுபிடித்தவருக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

2021இல் நடிகர் அஜித் சென்னை றைபிள் கிளப் சார்பில் சுட்டு மாநிலப் போட்டியில் பதக்கங்கள் எடுத்தபோது எனக்கு உறவுக்காரப் பிள்ளைகளிடமிருந்து எத்தனை தகவல்கள் வந்தன, "அன்ரி, இது எப்பிடிப் பழகிறது?" என்று. அவர்கள் எல்லோருக்கும் நான் சொன்னது, பதினெட்டு வயது வரட்டும், சங்கத்துக்கு வாருங்கள், முதல் மூன்று மாதம் சன்னம் இல்லாமல் கையை உயர்த்திப் பழகுங்கள் என்பதே. இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி இன்னும் வருகிறாள். அவளுடைய கை என் கையை விடவும் சின்னது.

அதற்காகத்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பாஸ் மாமாவுக்கு எழுபத்து மூன்று வயது. ஒரு கண்ணில் புரை வளர்கிறது. மகன் இத்தாலியில், மகள் வங்கியில். இருவருக்கும் மரவேலையில் நாட்டமில்லை. அவருடைய யன்னல் கட்டில் பதினொரு களிமண் கைகள் காய்ந்து கிடக்கின்றன. அந்தப் பதினொரு பேருக்கும் பிடி செய்தவர் அவர் ஒருவரே. கூலி பேசிக்கொண்டு யாராவது பழக வந்தால் சொல்லிக் கொடுக்கத் தயார் என்கிறார். சிங்களம் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லையாம். பலாலியில் இருந்த காலத்தில் பழகிய கொஞ்சத் தமிழ் தன்னிடம் இருக்கிறது, அது போதும் என்கிறார். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ மொறட்டுவையிலோ, உளி பிடிக்கத் தெரிந்த, பொறுமை உள்ள ஒரு பிள்ளையை உங்களுக்குத் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.